கட்டிங் ஆர்டருக்கு முன்னும் பின்னும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். அரவைப் பருவத்தில் அந்தப் பக்கம் போனால் சர்க்கரை ஆலை கண்ணில் படுவதற்கு முன்பே பாகு வாடை மூக்குக்கு எட்டிவிடும். டிராக்டர்களும் லாரிகளும் கரும்பை ஏற்றிக்கொண்டு வரிசையில் காத்திருக்கும். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது கண்ணுக்குப் பழகிப்போன காட்சி. மனித மனத்தைப் பற்றி இந்த நூற்றாண்டில் அதிகம் பேசப்பட்ட, அதிகம் சண்டை போடப்பட்ட சோதனைகளில் ஒன்று இத்தகைய ஒரு வரிசையை நம்பித்தான் நடந்தது.

அந்த வரிசை ஏன் உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். வெட்டிய கரும்பைப் போட்டு வைக்க முடியாது. ஒரு நாள் கடந்தாலே எடை குறையும், சாற்றில் சர்க்கரையும் குறையும். ஆலையோ ஒரு நாளைக்கு இத்தனை டன் என்ற அளவுக்கு மேல் அரைக்க இயலாது. எல்லா விவசாயிகளும் ஒரே வாரத்தில் வெட்டினால் பாதிக் கரும்பு வெயிலில் காய்ந்து போகும். ஆகவே, பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஆலை தேதி குறிக்கிறது. கட்டிங் ஆர்டர் வந்தால்தான் வெட்ட முடியும். ஒருவருக்கு முன்னதாக வரும், பக்கத்து வயல்காரருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். கரும்பு கிட்டத்தட்ட ஓராண்டுப் பயிர். கரணை நட்ட நாளிலிருந்து வெட்டி அனுப்பும் வரைக்கும் அந்த வயலிலிருந்து பெரிய வரவு எதுவும் கிடையாது. பணம் மொத்தமாக ஒரே தடவை வரும். அது கடன், வட்டி, பள்ளிக் கட்டணம், கல்யாணச் செலவு என்று பிரிந்து ஓடி, அடுத்த வெட்டுக்குச் சில மாதம் முன்பே வற்றிவிடும்.

அதாவது, ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஒருமுறை கையில் பணம் உள்ளவராகவும் ஒருமுறை இல்லாதவராகவும் வாழ்கிறார்.

இது எவ்வளவு அரிய வாய்ப்பு என்பதை ஒரு உளவியல் ஆய்வாளரிடம் கேட்டால்தான் தெரியும். பணக்காரர்களையும் ஏழைகளையும் உட்கார வைத்து ஒரு அறிவுத்திறன் தேர்வு கொடுத்தால் பெரும்பாலும் பணக்காரர்களே அதிக மதிப்பெண் எடுப்பார்கள். அதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. படித்த பள்ளி வேறு, குழந்தைப் பருவத்தில் சாப்பிட்ட சாப்பாடு வேறு, பெற்றோரின் படிப்பு வேறு, தேர்வு எழுதிப் பழகிய பழக்கம் வேறு. இத்தனை வேறுபாட்டில் பணத்தின் பங்கு எது என்று எப்படிப் பிரிப்பது? பிரிக்க முடியாததால்தான் ஒரு பழைய கொடிய பேச்சு இன்னும் சாகாமல் இருக்கிறது: ‘அவனுக்குப் புத்தி போதாது, அதனால்தான் அவன் ஏழை.’ படிக்காதவர்கள் மட்டும் பேசும் பேச்சு அல்ல இது. அலுவலகங்களில், வங்கிக் கவுண்டர்களில், திட்ட அறிக்கைகளின் வரிகளுக்கு இடையில்கூட இதைக் கேட்கலாம்.

ஒரு மனிதரை இன்னொரு மனிதரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடேயே ஒப்பிட்டால் அந்தச் சிக்கல் தீரும். அதே மூளை, அதே படிப்பு, அதே குடும்பம். மாறுவது கையிருப்பு மட்டும்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் இதைத்தான் செய்தார்கள். முதல் இருவர் பொருளியல் அறிஞர்கள், மற்ற இருவர் உளவியல் அறிஞர்கள். ஆனந்தி மணி அப்போது இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் இருந்தார். முல்லைநாதன் இந்தியச் சிற்றூர் ஒன்றில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர், அப்போது ஹார்வர்டில் பேராசிரியர். இவர்களுடைய கட்டுரை 2013 ஆகஸ்ட் மாத இறுதியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகள் அதில் பங்கேற்றார்கள். வருமானத்தில் 60 சதவீதமாவது கரும்பிலிருந்து வருபவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த 464 பேரின் மதிப்பை உணர இன்னொரு எண்ணையும் அருகில் வைக்க வேண்டும். 2008-இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர், முன்னணி உளவியல் இதழ்களில் யார் மீது ஆய்வு நடக்கிறது என்று கணக்கெடுத்தார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 96 சதவீதத்தினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கோ 12 சதவீதம். ‘மனித மனம் இப்படி இயங்குகிறது’ என்று பாடநூல்கள் சொன்னபோது, பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவரின் மனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அத்தகைய ஆய்வுலகில் வடதமிழகத்துக் கரும்பு விவசாயி ஒருவர், மனிதகுலம் முழுவதற்குமான ஒரு கேள்விக்குப் பதில் சொல்பவராக உட்கார்ந்தது சாதாரண விஷயமல்ல.

அவர்களிடம் என்ன கேட்டார்கள்? இரண்டு தேர்வுகள். முதலாவது, ஜான் ரேவன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1930-களில் உருவாக்கிய உருவத் தேர்வு. ஒரு கட்டத்தில் வரிசையாகச் சில வடிவங்கள் இருக்கும், கடைசி இடம் காலியாக இருக்கும். மற்ற வடிவங்கள் எந்த ஒழுங்கில் மாறிக்கொண்டு வருகின்றன என்று கண்டுபிடித்து, காலி இடத்துக்குப் பொருந்துவதைக் கீழே உள்ளவற்றிலிருந்து எடுக்க வேண்டும். எழுத்தோ சொல்லோ தேவையில்லை. புதிதாக ஒன்றைப் பார்த்து யோசிக்கும் திறனை அளப்பதற்கு உலகெங்கும் பயன்படும் தேர்வு இது.

இரண்டாவது தேர்வுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் நிறங்களின் பெயர்களை வேறு நிற மையில் அச்சிட்டார். ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் இருக்கும். மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும், ஏனென்றால் படிக்கத் தெரிந்த மனிதரால் படிக்காமல் இருக்க முடியாது. முந்திக்கொண்டு வரும் பதிலை அடக்கிவிட்டுச் சரியான பதிலைச் சொல்வதற்குத் தன்னடக்கம் போன்ற ஒரு திறன் வேண்டும். மனத்தின் நிர்வாகத் திறன் என்று இதைச் சொல்லலாம். ஆனால் சரளமாகப் படிக்காதவர்களிடம் சொற்களை வைத்து இந்தத் தேர்வை நடத்த முடியாது. அதனால் எண்களுக்கு மாற்றினார்கள். தாளில் 5 5 5 என்று இருக்கும். எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்பது கேள்வி. ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும், வாயில் வருவதோ ‘ஐந்து’. நீங்களே வீட்டில் பத்துப் பதினைந்து வரிசை எழுதி வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று தெரியும்.

ஒவ்வொரு விவசாயியையும் வெட்டுக்கு முன் ஒருமுறையும், வெட்டிப் பணம் வந்தபின் ஒருமுறையும் சந்தித்தார்கள்.

வெட்டுக்கு முன் நிலைமை எப்படி என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். அந்தச் சமயத்தில் 78 சதவீதத்தினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்தபின் 4 சதவீதம். கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த எண் தாலிக்கொடியாகவும் கம்மலாகவும் கண்ணில் தெரியும். நகைக்கடனுக்குத் தவணை எப்போது, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க முடியுமா, கைமாற்று வாங்கியவர் எதிரில் வந்தால் என்ன சொல்வது, ‘கட்டிங் ஆர்டர் எப்ப வருது?’ என்று கேட்கிறவர்களுக்கு எத்தனை தடவை பதில் சொல்வது. இதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மாதங்கள் அவை.

இனி முடிவு. உருவத் தேர்வில் பத்துக்கு, வெட்டுக்கு முன் சராசரி 4.35, வெட்டுக்குப் பின் 5.45. எண் தேர்வை முடிக்க முன்பு 146 விநாடி, பின்பு 131 விநாடி. பிழைகள் முன்பு 5.93, பின்பு 5.16. ஒவ்வொன்றிலும் அதே விவசாயி, பணம் வந்தபின் இன்னும் கூர்மையாக இருந்தார்.

முடிவைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த முடிவை அவர்கள் தாங்களே குறுக்கு விசாரணை செய்த விதம். சோதனை என்பது பாதிதான் அளவெடுப்பது. மீதிப் பாதி, ‘இதற்கு வேறு காரணம் இருக்கக்கூடாதா?’ என்று விடாமல் கேட்பது.

முதல் சந்தேகம் யாருக்கும் வரும். இரண்டாம் முறை தேர்வு எழுதினால் பழக்கத்தாலேயே நன்றாக எழுதலாமே? அதற்காக, சீட்டுக் குலுக்கிப் போட்டதைப் போல, 100 விவசாயிகளை முதலில் தேர்வு வைக்காமலே விட்டுவைத்தார்கள். வெட்டு முடிந்தபின்தான் அவர்கள் முதன்முதலாக அந்தத் தாளைப் பார்த்தார்கள். அவர்களும் மற்றவர்களின் வெட்டுக்கு முந்தைய மதிப்பெண்ணைவிட அதிகம் எடுத்தார்கள். பழக்கம் காரணமில்லை.

பருவகாலம் காரணமா? மார்கழிப் பனி, பொங்கல், மாசி மாத வெயில் என்று எதுவாகவும் இருக்கலாமே? இங்கேதான் ஆலை வரிசை கைகொடுக்கிறது. கட்டிங் ஆர்டர் மாதக்கணக்கில் பரவிக் கிடப்பதால், ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்தவராகவும் இன்னொருவர் காத்திருப்பவராகவும் இருப்பார். பொங்கல் இருவருக்கும் ஒரே நாளில்தான் வரும், பணம் அப்படி வருவதில்லை. நெல்லை வைத்து இந்தச் சோதனையைச் செய்திருந்தால் இந்தப் பிரிப்பு கிடைத்திருக்காது. ஒரு வட்டாரத்தில் நெல் அறுப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகவே வந்துவிடும். கரும்பைத் தேர்ந்தெடுத்தவரின் கெட்டிக்காரத்தனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

உடல் அசதியா? கரும்பு வெட்டுவது கடும் வேலை என்பதால் அதற்குக் கூலியாள் வைப்பதுதான் வழக்கம், நிலத்துக்காரர் பெரும்பாலும் தாமே வெட்டுவதில்லை. பசியா? வெட்டுக்கு முன் அவர்கள் சாப்பாட்டுச் செலவைக் குறைத்திருக்கவில்லை. வேறு எதைக் குறைத்தாலும் அடுப்பில் கை வைக்காமல் கடன் வாங்கிச் சமாளித்திருக்கிறார்கள். மனஅழுத்தமா? இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். வெட்டுக்கு முன் அவை சற்றுக் கூடியிருந்தது உண்மை. அந்தக் கூடுதலைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தேர்வு வேறுபாடு மறையவில்லை.

அப்படியானால் என்னதான் நடக்கிறது? நால்வரின் விளக்கம் இது. ஒரே நேரத்தில் மனம் கவனிக்கக் கூடியவற்றுக்கு எல்லை உண்டு. பணத் தட்டுப்பாடு அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. குறைந்த மின்னழுத்தத்தில் ஒரே இணைப்பில் இரண்டு மோட்டாரைப் போட்டால் இரண்டாவது தண்ணீரை ஏற்றாது, மோட்டாரில் கோளாறு இல்லை. விவசாயியின் திறன் எங்கும் போய்விடவில்லை, இன்னொரு வேலையில் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது.

இதே எண்ணத்தை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்திலும் சோதித்தார்கள். கடைக்கு வந்தவர்களிடம், உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய 150 டாலர் ஆகும், எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். வேறு சிலரிடம் அதையே 1,500 டாலர் என்று சொன்னார்கள். அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே சொன்னவற்றைப் போன்ற தேர்வுகளைக் கொடுத்தார்கள். 150 டாலர் என்றபோது வசதியுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அளவில் எழுதினார்கள். 1,500 என்றதும் வசதியில்லாதவர்களின் மதிப்பெண் மட்டும் சரிந்தது. கார் உண்மையில் பழுதாகவில்லை. அப்படி ஒரு செலவை நினைத்ததே போதுமானதாக இருந்தது.

உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. ஒரு இரவு முழுக்கத் தூங்காததற்குச் சமம், நுண்ணறிவு ஈவில் 13 புள்ளி இழப்புக்குச் சமம் என்றெல்லாம் தலைப்பு வந்தது. இந்த ஒப்பீடுகளில் எனக்குச் சம்மதம் இல்லை. சில கேள்விகள் கொண்ட ஒரு குறுந்தேர்வின் வேறுபாட்டை முழு அளவுகோலுக்கு நீட்டினால் எண் பெரிதாகத் தெரியும், பொருள் பெரிதாகாது. பத்தில் ஒரு கேள்வி வேறுபாடு என்று சொன்னாலே போதும், அதுவே கனமான செய்திதான்.

எதிர்க்குரல்களும் அதே ஆண்டில் எழுந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த யெல்டே விசெர்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் நியூ ஜெர்சி எண்களை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டு, வருமானத்தை ‘மேல் பாதி, கீழ் பாதி’ என்று இரண்டாக வெட்டாமல் உள்ளபடியே வைத்தால் அந்தச் சரிவு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். 2016-இல் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் சோதித்த கார்வாலோ குழுவினருக்கு, சிந்தனைத் திறனில் வேறுபாடு எதுவும் அகப்படவில்லை. 2021-இல் இன்னொரு குழு, தட்டுப்பாட்டின் உளவியல் பற்றிய 20 ஆய்வுகளை மீண்டும் நடத்திப் பார்த்தது. சிலவற்றில் மட்டுமே பழைய விளைவு திரும்பக் கிடைத்தது.

இவற்றை மறைத்துவிட்டு விழுப்புரத்தின் கதையை மட்டும் சொல்வது வாசகருக்குச் செய்யும் துரோகம். அதே சமயம், இவற்றால் விழுப்புரத்தின் கதை பொய்யாகிவிட்டது என்று சொல்வதும் அவசரம். சம்பளத்துக்கு முந்தைய சில நாட்களும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் வரவுக்கு முந்தைய சில மாதங்களும் ஒன்றா? மாதச் சம்பளக்காரருக்கு வரவு என்றைக்கு என்று நிச்சயமாகத் தெரியும். கரும்பு விவசாயிக்கு வெட்டுத் தேதியே ஆலையின் கையில், வெட்டினாலும் பணம் வரும் நாள் ஆலையின் கையில். கணினித் திரையில் நடத்திய ஒரு சிறு விளையாட்டில் புள்ளிகளைக் குறைத்துவிட்டு அதைத் தட்டுப்பாடு என்று பெயரிடுவதும், தாலிக்கொடி அடகுக்கடையில் இருப்பதும் ஒரே பொருளல்ல என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, நிறுவுவது வேறு. விழுப்புரம் ஆய்வுக்கே ஒரு இடைவெளி உண்டு. யாருக்குப் பணம் முதலில் வர வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை, ஆலைதான் தீர்மானித்தது.

அந்த இடைவெளியை அடைக்க முயன்றது ஒடிசாவில் நடந்த ஒரு சோதனை. சுப்ரீத் கௌர், முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர், வேலை கிடைக்காத மாதங்களில் ஊர்ப்புறத் தொழிலாளர்களைத் தையல் இலை தைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். எத்தனை இலைத் தட்டு தைக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. எல்லோருக்கும் ஒரே விகிதம். ஒரே ஒரு வேறுபாடு: குலுக்கலில் தேர்வான சிலருக்கு, அதுவரை உழைத்த கூலியின் பெரும்பகுதி, ஒப்பந்தக் காலம் முடிவதற்குச் சில நாள் முன்பே கொடுக்கப்பட்டது. மொத்தத் தொகை கூடவில்லை, நாள்தான் மாறியது. பணம் கிடைத்தவர்கள் அதை வைத்து உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அடுத்த நாட்களில் அவர்களுடைய உற்பத்தி சுமார் 7 சதவீதம் கூடியது. கவனப் பிசகால் வரும் தையல் கோளாறுகளும் குறைந்தன. முன்கூட்டியே பணம் வாங்கியவருக்கு வேகமாக உழைக்கப் புதிய பணக் காரணம் எதுவும் இல்லை. தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுதான் அவருக்கு நேர்ந்த மாற்றம்.

சாம்பியா நாட்டில் சிறு விவசாயிகளிடையே நடந்த வேறொரு ஆய்வு இந்தச் சித்திரத்தில் ஒரு முக்கியமான கோட்டைச் சேர்க்கிறது. கையில் உள்ள பொருளை அதே மதிப்புள்ள வேறு பொருளுக்கு மாற்றிக்கொள்ள மனிதர்கள் தயங்குவார்கள். பழகியதை விட மனம் வராத இந்தத் தயக்கம் எங்கும் காணப்படுவது. தட்டுப்பாட்டு மாதங்களில் அந்த விவசாயிகளிடம் இது குறைந்திருந்தது. அதாவது, பணம் சம்பந்தப்பட்ட முடிவில் அவர்கள் மேலும் கறாராக இருந்தார்கள். இதை விழுப்புரத்தோடு முரண்படுவதாகச் சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருக்கடியில் இருப்பவரின் மனம் மந்தமாகவில்லை. ஒரே திசையில் குவிந்திருக்கிறது. குவிந்த இடத்தில் அது மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கும், வடிவக் கட்டத்தில் காலி இடத்தை நிரப்புவதற்கு அதனிடம் மிச்சம் இருக்காது. மகளிர் குழுவில் எந்தக் கடனை எதை வைத்து அடைப்பது என்று வாய்க்கணக்காகவே போடும் பெண்களைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு வந்தால், முதலில் மாற வேண்டியது நாள்காட்டி என்று நினைக்கிறேன். பயிர்க் காப்பீட்டுப் படிவம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், சொட்டுநீர் மானியத்துக்கான தாள்கள் இவையெல்லாம் கவனத்தைக் கேட்பவை. ஒரு ஆவணம் விட்டுப்போனால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறவை. கரும்புப் பகுதியில் இவற்றுக்கான முகாமை வெட்டுக்கு முந்தைய மாதங்களில் வைப்பதா, பணம் வந்த பிறகு வைப்பதா என்று எந்த அலுவலகமாவது யோசிக்கிறதா? பயிற்சி வகுப்புக்கு விவசாயி வரவில்லை என்றால் ‘ஆர்வமில்லை’ என்று பதிவேட்டில் எழுதுவது சுலபம். வகுப்பை எந்த மாதத்தில் வைத்தோம் என்ற வரி அந்தப் பதிவேட்டில் இருப்பதில்லை.

அடுத்தது ஆலைப் பணம். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் விலையைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். நிலுவைத் தொகைக்காக விவசாயிகள் ஆலை வாசலிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் காத்திருந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் பருவந்தோறும் படித்திருக்கிறோம். அந்த வட்டி விகிதத்தை வகுத்தவர்கள் கணக்கிட்டது பணத்தின் இழப்பை மட்டும்தான். நிலுவையில் கழியும் மாதங்களில் வெட்டு முடிந்திருந்தும் விவசாயி வெட்டுக்கு முந்தைய மனநிலையிலேயே இருக்கிறார். வெட்டியதற்கும் பணம் கைக்கு வந்ததற்கும் இடையில் சிக்கியவர்களின் மனம் என்ன ஆகிறது என்பதைத் தனியாக எடுத்து, அதே இரண்டு தாள்களைக் கொண்டு, அதே மாவட்டங்களில் அளந்து பார்க்கலாம். அதற்கு வேண்டிய வரிசை ஒவ்வொரு அரவைப் பருவத்திலும் அங்கே நின்றுகொண்டிருக்கிறது.